பத்தியத்தை முறித்த நாள்

சென்ற ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு வாரத்தில், காரைக்காலில் எங்கள் வீட்டிலேயே நான் சண்டைக்காரி ஆனேன்.

அப்பா லாரி ஓட்டுபவர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவார். இதயத் தசை தடித்து இதயம் பெருத்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். "எனக்குப் பெரிய மனசுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. மருதம்பட்டையில் உள்ள பொருட்கள் இப்படிப் பெருத்த இதயத்தை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆய்வு. வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சுதான்.

விடுதியிலிருந்து வந்து பார்த்தால், அப்பாவுக்கு வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது. கணுக்காலை அமுக்கினேன். விழுந்த குழி எழவே இல்லை. மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. பெரியப்பா மருதம்பட்டைத் தூளோடு வந்து பத்தியம் வைத்திருக்கிறார்!

"நாட்டு மருந்து குடிக்கிறப்ப இங்கிலீஷ் மாத்திரை ஆகாது, பத்தியம் முறிஞ்சிடும். நீ படிக்கிறதே இந்தப் பட்டையத்தானே பாப்பா?"

"நான் படிச்சது எலி இதயத்தைப் பத்தி. அப்பா எலி இல்ல, பெரியப்பா."

உள்ளேயிருந்து அப்பா மூச்சிரைக்க, "வீட்ல புலி வளர்த்திருக்கேன்" என்றார்.

மாத்திரையைத் தள்ளி வைத்த பத்தியம், காரல் கருவாட்டை மட்டும் தினமும் தட்டில் வைத்திருந்தது. அது பத்தியத்துக்கு ஆகுமாம்! அத்தனை உப்பும் காலில் நீராகக் கோத்திருந்தது.

"நாலு எழுத்துப் படிச்சிட்டா பெரியவங்கள எதுத்துப் பேசுவியா?"

"எங்க அப்பா இருந்தாத்தான் நீங்க எனக்குப் பெரியப்பா. வழிய விடுங்க."

ஆட்டோவைக் கூப்பிட்டு அப்பாவை ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை இறக்கிய பிறகு, டாக்டர் பட்டை, வேர் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினார். அங்கேயும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பட்டைய ஏன் சார் திட்டுறீங்க? மாத்திரைய நிறுத்தினதைத் திட்டுங்க."

"ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா என்ன ஆகும், சொல்லும்மா?"

"தெரியாது சார். அதத் தெரிஞ்சுக்கத்தான் படிக்கிறேன். தெரியிற வரைக்கும் எங்க வீட்ல கசாயம் கிடையாது."

அவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

இப்போது அப்பா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார். கருவாடு எங்கள் வாசல் ஏறுவதில்லை. பெரியப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். மருதம்பட்டையை நான் விடப்போவதில்லை. மாத்திரையை அப்பா விட நான் விடப்போவதுமில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் காலையில் அவர் கணுக்காலை அமுக்கிப் பார்க்கிறேன்; குழி விழாமல் சதை மேலே எழும்போது, அன்று நான் போட்ட சத்தம் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.