மாமியை நித்திரையாக்கிய டயர்

1. பாலத்தடியில் இறங்கிப் போனவர்

"அண்ணன், மாமி கல்லடிப் பாலத்தடியில காரால இறங்கி பஸ்ஸில போயிற்றா."

காலையில் கடையைத் திறந்து, கொம்பிரசரைப் போட்டுவிட்டு, பிளேன்டிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம். வந்து நின்றவர் சதானந்தன், குருக்கள்மடத்துக்காரர். முகம் செத்துப்போய் இருந்தது.

நான் டயர் வேலையில் தலை நரைத்தவன். உழவு மெஷினிலிருந்து லொறி வரைக்கும் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். டயர் வெடித்தது, ரிம் வளைந்தது, வாவிக் காற்றின் உப்பில் ரிம் அரித்துக் காற்றுக் கசிகிறது என்று பலரும் வந்து முறையிட்டிருக்கிறார்கள். மாமி இறங்கிப் போய்விட்டார் என்ற முறைப்பாட்டோடு வந்த முதல் ஆள் இவர்தான். இதற்கு எந்த நட்டுச் சாவியை எடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

"இரி தம்பி. மாமிக்கும் டயருக்கும் என்ன?"

"கார் குலுக்குது எண்டுறா. முதுகு நோகுதாம். எனக்கு ஒண்டும் தெரியல்ல அண்ணன். நான் முன்னுக்கு இரிக்கன், அவ பின்னுக்கு இரிக்கா."

சதா கத்தாரில் வருசக்கணக்காக மின்சார வேலை பார்த்தவர். அங்கே வெயிலில் நின்று ஒரு ஜெர்மன் காரைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்து, ஊருக்கு வந்ததும் அதே வகையில் பாவித்த கார் ஒன்றைக் கொழும்பில் தேடி வாங்கினார். தினமும் காலையில் அதைத் துடைப்பார். துடைக்கும்போது அதோடு கதைப்பார் என்றும் கேள்வி.

ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான்; சதாவும் மாமியின் மகளை முடித்து அங்கேதான். ஆகவே கார் சதாவுடையது, கார் நிற்கும் முற்றம் மாமியுடையது. அதோடு இந்த மாமி சதாவின் தகப்பனுடைய சொந்தத் தங்கச்சி. சின்னதில் இவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். அவரிடம் வாய் காட்ட முடியாது.

மாமி போட்ட கட்டளையைச் சதா அப்படியே சொல்லிக் காட்டினார்: "வாற கிழமை வாழைச்சேனைக்குப் போறம், என்ட இளையவள்ற பிள்ளைக்கு முதல் சோறு தீத்த. அண்டைக்கும் என்ட முதுகு நொந்திச்செண்டா உன்ட கார் என்ட முத்தத்தில நிக்கப்படாது மனே. வித்துப்போட்டு வேன் ஒண்டு எடு."

வேன் என்று சொல்லும்போது சதாவின் குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாகவும் இருந்தது. ஒரு மனுசன் தன் பாலைவன வருசங்களையெல்லாம் சேர்த்து வாங்கிய பொருள் அது.

காரைச் சுற்றி வந்து பார்த்தேன். நான்கும் ரன்-ஃபிளாட் டயர். காற்றை அளந்தால் இருக்கவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"காத்த ஆர் இறக்கின?"

"நான்தான். மெத்து மெத்தெண்டு இரிக்குமெண்டு..."

"மெத்தையுமில்ல, தலகாணியுமில்ல. சூடேறி டயர் பழுதாப் போகும், அவ்வளவுதான்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரன்-ஃபிளாட் டயரின் பக்கச்சுவர் தடிப்பானது. காற்று முழுக்கப் போனாலும் சப்பளிந்து போகாமல் காரைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக அடுத்த கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை நம்பித்தான் இந்தக் கார்களில் ஸ்பெயார் வீலும் இல்லை, காரைத் தூக்கும் ஜக்கும் இல்லை. ஆனால் அந்தத் தடிப்புச் சுவருக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. சின்னக் கல்லில் ஏறினாலும் அதை அப்படியே ஆளின் முள்ளந்தண்டில் ஒப்படைக்கும். சாதா டயரின் சுவர் மெல்லியது. குழி வந்தால் தான் நசிந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். பஞ்சரானால் மட்டும் அந்த இடத்திலேயே குந்திவிடும்.

இவ்வளவையும் விளங்கப்படுத்தினேன். சதா ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருசத் தொழிலில் எனக்கு மறக்காத கேள்வி.

"அண்ணன், மாமி பின்னுக்குத்தானே இரிக்கா? பின்னுக்கு ரெண்டும் சாதா டயர், முன்னுக்கு ரெண்டும் இதே கிடக்கட்டும். ஏலாதா?"

"ஏலாது. முன்னும் பின்னும் ஒரே சாதியா இரிக்கோணும். இல்லாட்டி வளைவில முன்பக்கம் ஒரு நாட்டுக்கும் பின்பக்கம் ஒரு நாட்டுக்கும் போகும். மாமி ரெண்டுக்கும் நடுவில நிப்பா."

2. தயிரை வைத்து ஒரு பரீட்சை

சதாவுக்குத் தீர்மானம் வரவில்லை. ரன்-ஃபிளாட்டைக் கழற்றினால் காரின் கௌரவத்தைக் கழற்றியதுபோல அவருக்கு. நான் அதே அளவில் சாதா டயர் ஐந்து எடுப்பித்து வைத்திருந்தும், "சும்மா மாத்தேலாது அண்ணன், ஒரு பரீட்சை வைப்பம்" என்றார். அடுத்த நாள் இரண்டு சட்டி எருமைத் தயிரோடு வந்து இறங்கினார்.

அவருடைய கணக்கு இதுதான். மாமி இருக்கும் பின்சீட்டில் தயிர்ச் சட்டியை வைப்பது. ரன்-ஃபிளாட்டில் ஒரு ஓட்டம், சாதா டயரில் ஒரு ஓட்டம், அதே வீதி, அதே வேகம். எந்தச் சட்டியில் தயிர் உடைந்து தண்ணீர் விடுகிறதோ அந்த டயர் கூடாது. கேட்பதற்கு நல்ல விஞ்ஞானமாகத்தான் இருந்தது. சட்டியைப் பிடித்துக்கொண்டு இருக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் பின்னால் ஏறினேன்.

முதல் ஓட்டம் ரன்-ஃபிளாட்டில், சரியான அளவுக்குக் காற்று அடித்துவிட்டு. வீதியில் வேகத்தடை எத்தனை, மூடிய குழி எத்தனை, மூடாத குழி எத்தனை என்று என் இடுப்பு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னது. ஒரு மதகில் ஏறி இறங்கியபோது நான் மாமிக்காக மனதார வருத்தப்பட்டேன். கடைக்கு வந்து டயர்களை மாற்றிவிட்டு இரண்டாம் ஓட்டம். அதே மதகு வந்து போனதே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து இரண்டு சட்டியையும் மேசையில் வைத்து மூடியைத் திறந்தோம். இரண்டு தயிரும் ஒன்றுபோலக் கட்டியாக இருந்தன. ஒரு வெடிப்பில்லை, ஒரு துளித் தண்ணீரில்லை.

சதா இடிந்துபோனார். சதாவுக்குத் தயிர் கொடுத்து, வெறும் சட்டிகளை எடுத்துப்போக வந்திருந்த தயிர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ட தயிர் மாட்டுப் பட்டியில இரிந்து வயல் வட்டைக்குள்ளால, வரம்பில, மோட்டச்சைக்கிள்ல கட்டித்தான் வாற. அதுக்கே உடையாத தயிர் உங்கட ஜெர்மன் காருக்கு உடையுமா? கத்தியால வெட்டினாத்தான் உடையும்."

பரீட்சை முடிந்தது. ஒரு சட்டித் தயிரை இனிப்புக் கித்துள் பாணி விட்டு மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டோம்.

"தயிர விடு தம்பி," என்றேன். "சட்டியப் பிடிச்சிக்கொண்டிருந்த என்னக் கேளு. அந்த முதல் டயரில மாமி பாலத்தடி வரைக்கும் பொறுத்ததே பெரிசு. நானெண்டா அதுக்கு முந்தியே இறங்கியிருப்பன்."

அந்தச் சொல்லுக்குத்தான் சதா மசிந்தார். சாதா டயர் நான்கும் காரில் நின்றன. ஐந்தாவதை ஸ்பெயார் வீலாக்கி டிக்கியில் வைத்தேன். ஜக்கும் வீல் சாவியும் பக்கத்தில் வைத்தேன். "இது இல்லாம வீதியால போகப்படாது" என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் "ஓம் அண்ணன்" என்றார்.

3. "மெல்லமாக் கதையுங்க"

சோறு தீத்தும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் காற்று மட்டும் வருகிறது.

"ஆரு? சத்தமாச் சொல்லுங்க!"

"அண்ணன், மெல்லமாக் கதையுங்க. மாமி நித்திரை."

சதா வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைத்திருக்க வேண்டும். கிரானுக்குக் கிட்ட நிற்கிறாராம். பின்டயரில் காற்றுப் போகிறதென்று டாஷ்போர்டில் விளக்குப் பற்றியதாம். ஓரம் கட்டிப் பார்த்தால் ஒரு ஆணி.

"ஸ்பெயார் வீல் இரிக்குத்தானே, மாத்து."





"அது வீட்ட கிடக்கு அண்ணன்."

நடந்தது இதுதான். சமையலுக்கு உதவ மனைவி முந்தின நாளே போய்விட்டதால் காரில் மாமியும் இவரும்தான். காலையில் வாழைச்சேனைக்குக் கொண்டுபோகும் தயிர்ச் சட்டிகளை ஏற்ற மாமி டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கறுப்பாக டயர் ஒன்று படுத்திருந்தது. "தயிருக்குப் பக்கத்தில டயரா? ரப்பர் மணம் ஏறினா சபையில ஆர் அதத் தின்னுற? இறக்கு மனே" என்றார். இறங்கியது டயர் மட்டுமல்ல, ஜக்கும் சாவியும் கூட. மாமியின் முற்றத்தில் நின்று மாமியோடு வழக்காட சதாவால் ஏலவில்லை.

"அப்ப மாமிய எழுப்பி ஓட்டோவில அனுப்பு. சோறு தீத்துற நேரம் போகப்போகுது."

"எழுப்பினா கார் போச்சு அண்ணன்! இந்தக் காருக்க மாமி நித்திரை கொண்டது இதுதான் முதல் தரம். செங்கலடி தாண்டக்கே குறட்டை விட்டிட்டா. இப்ப எழும்பி, பஞ்சர் எண்டு கண்டா, வேன்தான்."

எனக்கு அந்த நேரத்தில்தான் முழுக்க விளங்கியது. ரன்-ஃபிளாட் என்றால் இந்த ஆணிக்கு நிற்காமலே மெதுவாக வாழைச்சேனைக்குப் போயிருக்கலாம். ஆனால் ரன்-ஃபிளாட் என்றால் மாமி நித்திரை கொண்டிருக்க மாட்டார். ஒன்றை வாங்கினால் மற்றதை விடத்தான் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில், பஞ்சர் ஓட்டையில் பிளக் போடும் சாமானும் பம்பும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்றது. ஏசி நின்றால் மாமி எழும்பிவிடுவார் என்று எஞ்சினை ஓடவிட்டு, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, கார்ச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தார். சதா பட்டு வேட்டியில், சட்டையில்லாமல் நின்றார். சட்டையை மடித்துத் தயிர்ச் சட்டியின் மேல் வைத்திருந்தார்.

கண்ணாடிக்குள் பார்த்தேன். மாமி ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, நிம்மதியாக இருந்தார்.

ஆள் உள்ளே இருக்கும்போது காரை ஜக்கில் தூக்குகிற வேலை என்னிடம் கிடையாது. நல்லவேளையாக அதற்குத் தேவை வரவில்லை. ஆணி வெளியே கை எட்டுகிற பக்கத்தில் நின்றது. மண்ணில் படுத்து அதைக் குறட்டால் இழுத்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. சதா தன் நெஞ்சில் கை வைத்தார். ஓட்டையில் ஊசியை விட்டு, பசை பூசிய பிளக் கயிற்றைச் செருகி, மிச்சத்தை வெட்டினேன். கசிவு நின்றது.

இனிக் காற்று. பற்றரியில் ஓடும் சின்னக் கொம்பிரசர் என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டால் செங்கலடி வரைக்கும் கேட்கும். ஆகவே கைப்பம்ப். கார் டயருக்குக் கைப்பம்பால் காற்று அடிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நான் கொஞ்சம் அடித்துவிட்டு மூச்சு வாங்க, சதா வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்து, ஒவ்வொரு அடியையும் சத்தம் வராமல் மெதுவாக இறக்கினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வீதியால் போன பஸ் ஒன்றிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சதா அவர்களுக்கும் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

ஒருவழியாகக் கார் நிமிர்ந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, ஊர்ந்து போனார். பின்னேரம் போன் வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். வாழைச்சேனை வாசலில் இறங்கி மாமி சொன்னாராம், "முதுகு நோகல்ல. கார் நிக்கட்டும்." அதைச் சொல்லும்போது சதா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

4. மாமி வந்து சொன்னது

அடுத்த கிழமை, போட்ட பிளக்கைக் கழற்றி உள்ளால் ஒழுங்கான பெச் ஒட்ட வரச் சொல்லியிருந்தேன். மாமியும் கூட வந்தார். சதா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் மாமி என் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ நல்லாத்தான் ஒட்டுறாய். ஆனா காத்து அடிக்கக்க உனக்கு இழைக்குது. அவன்தான் கனக்க அடிச்சான்."

என் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"மாமி, நீங்க நித்திரையெல்லா?"

"உஸ்ஸெண்டு சத்தம் வந்தா முழிப்பு வராதா? ஆணியப் புடுங்கக்கேயே முழிச்சிற்றன்."

"அப்ப ஏன் கண்ணத் திறக்கல்ல?"

"திறந்தா ஏசோணுமே மனே. டயர இறக்கச் சொன்னது நான். பஞ்சருக்கு அவன ஏசுறதா, என்னையே நான் ஏசுறதா?" காரைப் பார்த்தபடி சொன்னார்: "சின்னதில என்ட மடியில நித்திரை கொண்டானெண்டா நான் அசையாம இரிப்பன். கால் விறைச்சாலும் அசைய மாட்டன். அண்டைக்கு அவன் அந்தப் பம்ப மெல்ல மெல்ல அடிச்சதப் பாத்தன். அதுக்கு மறுகா எனக்கு எந்த முதுகு நோகும்?"

நான் குனிந்து சாவியைப் பொறுக்கினேன். டயர்க் கடையில் இப்படியெல்லாம் கதைக்கக் கூடாது.

அவர் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தந்தார். பழைய சேலையில் தைத்த வட்ட உறை, சுருக்கு நாடாவோடு. ஸ்பெயார் வீலுக்கு. இனித் தயிரும் அதுவும் டிக்கியில் ஒன்றாகப் போகலாம்.

இப்போது ரன்-ஃபிளாட்டா சாதா டயரா என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் வீதியைப் பற்றிக் கேட்பதில்லை. பின்சீட்டில் ஆர் இருப்பது என்று கேட்கிறேன். பாதித் தீர்மானம் அங்கேயே முடிந்துவிடும். மிச்சப் பாதி, டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள் என்பதில் இருக்கிறது.

சதாவுக்கு இன்றைக்கும் விசயம் தெரியாது. போன மாதம் காற்றுப் பார்க்க வந்தார். பின்சீட்டில் மாமி சாய்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னமே சதா விரலை உதட்டில் வைத்து, "மெல்லமா அண்ணன்" என்றார். நானும் கொம்பிரசரை நிற்பாட்டிவிட்டுப் பூனைபோலக் கிட்டப் போனேன். மாமி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.