மாமா கழற்றாத ஷூ

எங்கள் தெருவில் ஷூ போட்ட ஒரே ஆள் என் மாமா. அம்மாவுக்கு அண்ணன். கணுக்காலுக்கு மேல்வரை ஏறும் கறுப்புத் தோல் ஷூ, கயிறு போட்டுக் கட்டுவது. அந்தக் காலத்தில் கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் டிரைவரே டயர் செருப்புதான் போட்டிருப்பார். மாமா காலையில் அறைக் கதவைத் திறந்து வெளியே வரும்போதே ஷூவோடுதான் வருவார். ராத்திரி ஷூவோடுதான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் பாதத்தை நான் பார்த்ததே கிடையாது. அது எனக்கு ஒரு விஷயமாகவும் படவில்லை. சில பேருக்கு மீசை இருக்கிறது, மாமாவுக்கு ஷூ இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, கடைத்தெருவில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வாரம் முழுக்கக் கையெல்லாம் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மண்ணெண்ணெய் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்ப்பார். பொத்தான் அறுந்திருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும்.

"ஊருல வேதக்காரங்க நாம கொஞ்சம் பேருதான். நாம அழுக்கா நின்னா நம்ம சாமியும் அழுக்குன்னுவாங்க. நாம சண்ட போட்டா அவரும் சண்டக்காரருன்னுவாங்க" என்பார். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், வேதக்காரங்க என்று.

அப்பா பேச்சைக் கேட்டுக் கேட்டு, எங்கள் சாமிக்கு இந்த ஊரில் இருக்கிற பெரிய கௌரவமே மாமாவின் ஷூதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சபையில் எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். மாமா மட்டும் கழற்ற மாட்டார். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் ஷூவோடு உட்கார்ந்துகொள்வார். பாதிரியார்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். பாதிரியாரே பயப்படுகிற ஆள் நம் மாமா என்று எனக்குப் பெருமை.

மலையிலிருந்து தேனும் கடுக்காயும் சுமந்து வந்து சந்தையில் விற்கிற ஒருவர் இருந்தார். தேன்காரர் என்போம். மூட்டையை அப்பா கடையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டே சபைப் பாட்டுப் பாட, மாமா கூடச் சேர்ந்து பாட, தேன்காரர் சாப்பிடப் போகாமல் நின்று கேட்பார். ஒரு நாள் அவரே கேட்டார்.

"எங்க ஊருக்கு வந்து ஒரு தடவ பாடுங்களேன் அண்ணே. சாமை அறுப்பு முடிஞ்சிட்டா எல்லாரும் சும்மாதான் குந்திக்கினு கெடப்பாங்க."

அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. அதற்கு முன்பு கீழே இருந்து போன யாரோ சில பேர் அவர்கள் கோயில் எதிரிலேயே நின்று அவர்கள் சாமியைக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். அதிலிருந்து வேதக்காரர் எவரும் ஊருக்குள் வரக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். ஊர்க்கவுண்டர் என்றால் அந்த மலையூருக்குத் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். தேன்காரர் ஊர் நடுவில் நின்று, "இவங்க மரியாதி தெரிஞ்சவங்க. தப்பா நடந்துக்கினா என்னக் கேளுங்க" என்று பொறுப்பு ஏற்றுக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு வழி விட்டார்கள். அடுத்த மாதம் தேன்காரருக்குப் பெண் கல்யாணம் வேறு.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே. ஊருக்குள்ள செருப்போட வரக் கூடாது" என்று தேன்காரர் சொல்லியிருந்தார். அப்பா அதை வீட்டில் சொன்னபோது மாமா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு, "நான் ஊருக்கு வெளியவே நின்னு பாடறேன் மச்சான்" என்றார். அம்மா, "நீ வர வேணாம்ணா" என்றாள். மாமாவுக்குப் பாட ஆசை. வந்தார்.

வெள்ளிமலை போகிற ஜீப்பில் ஏறினோம். பெரியவர் என்று மாமாவை முன்னால் உட்கார வைத்தார்கள். மலை ஏற ஏற இஞ்சின் சூடாகிக் காலடித் தகடு கொதித்தது. திடீரென்று ரப்பர் தீய்கிற நாற்றம்.

"பெரியவரே, காலை எடுங்க. ஷூ கருகுது பாருங்க" என்றார் டிரைவர்.

மாமா குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாக நகர்த்தி வைத்தார். "சுடலையா?" என்று டிரைவர் கேட்டதற்கு அவர் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் பின்னால் இருந்த எல்லோரையும் பெருமையாகப் பார்த்தேன்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. ஊர் எல்லையில் ஒரு பலா மரம். அங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் செருப்பைக் கழற்றினோம். மாமா மரத்தடியிலேயே நின்றுகொண்டார். ஊர் முழுக்க அங்கே வந்து கூடியிருந்தது. தேன்காரரின் மனைவி ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரி கால் கழுவத் தண்ணீர் கொடுப்பாள். கழுவியவர்தான் அந்த வீட்டுக்கு விருந்தாளி, அதற்கப்புறம்தான் பேச்சு. அதுதான் அந்த ஊர் வழக்கம். செருப்பைப் பற்றிச் சொன்ன தேன்காரர் இதைச் சொல்லவில்லை. சோறு தின்ன வாயைத் திறக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்வார்களா?

நாங்கள் கழுவிக்கொண்டோம். அவள் செம்பை மாமாவிடம் நீட்டினாள்.

"நான் இப்டியே நிக்கறேம்மா" என்றார் மாமா.

"நின்னுக்கினே இருந்தா எப்டிங்க? சாமைச் சோறு ஆக்கிக் கீறேன்."

"வேணாம்மா. நீ எடுத்துக்கினு போ."

அவள் போகவில்லை. செம்போடு நின்றாள். கூட்டத்தில் ஒரு வாலிபன், "ஷூவுல சாணி ஒட்டிக்கும்னு பாக்கறாரு" என்றான். "ஒட்டிக்கினா கீழ போயி சோப்பு போட்டுக் கழுவணும் இல்ல?" என்றான் இன்னொருவன். சிலர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னாங்க பெரியவரே, எங்க வூட்டுத் தண்ணி உங்க காலுக்குக்கூட ஆவாதா?"

"ஐயோ, அப்டி இல்லீங்க."

"அப்ப கழட்டுங்க."

மாமா அசையவில்லை.

"முன்ன வந்தவங்க எங்க சாமியத் திட்டிட்டுப் போனாங்க. நீங்க வாயத் தொறக்கவே இல்ல, நின்ன நெலையிலயே சொல்லிட்டீங்க" என்ற ஊர்க்கவுண்டர் தேன்காரர் பக்கம் திரும்பினார். "நீதானே பொறுப்புன்ன?"

"ஆமாங்க."

"இன்னிலேந்து உன் வூட்டுக்கு நெருப்பு இல்ல, தண்ணி இல்ல. உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஊரு வராது."

தேன்காரரின் பெண் தன் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. மாமாவின் ஷூவையே பார்த்தாள். தேன்காரர் என் அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஐயா, அவருக்குக் கால்ல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஏங்க" என்றாள் அம்மா. அப்பா வாயை மூடிக்கொண்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். ஷூவைக் கழற்றினால் என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் புரியவில்லை. அதே சமயம், கழற்றிவிட்டால் நம் சாமி தோற்றதாக ஆகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது. விடாதீர்கள் மாமா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமா பலா மரத்து வேரில் உட்கார்ந்தார். கயிறு முடிச்சு இறுகிப்போயிருந்தது. உதவி செய்யக் குனிந்த அப்பாவின் கையைத் தள்ளிவிட்டார். முதலில் வலது ஷூ. உள்ளே பழைய வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது. அதையும் அவிழ்த்தார். பிறகு இடது.

மாமாவுக்குக் கால் விரல்கள் இல்லை. ஒன்றிரண்டு இருந்தன, அவையும் முழுசாக இல்லை.

ஒருத்தி தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். கேலி பேசிய வாலிபன் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். "பெருவியாதி" என்று தொழுநோயின் பேரை யாரோ மெல்லச் சொன்னார்கள். தேன்காரரின் மனைவி செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"இதுக்குத்தாம்மா வேணான்னேன்" என்றார் மாமா, அவளைப் பார்த்து. "நான் தொட்டுட்டா, அந்தச் செம்ப மறுபடி நீ வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவமாட்டியேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது ஆறி ரொம்ப வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்து நிறுத்திட்டாங்க. இனிமே ஆருக்கும் ஒட்டாது" என்றார்.

 தரையில் இருந்த செம்பை மாமாவே எடுத்துக் கால் கழுவிக்கொண்டார்.

ஊர்க்கவுண்டர் வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டபோது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?"

"கீழதாங்க. மிஷன் ஆஸ்பத்திரி."

"நின்னுபோச்சுன்னீங்களே, நெசந்தானா?"

"என்னப் பாத்தா தெரியலீங்களா? எங்க தங்கச்சி வூட்டுல ஒரே பானைச் சோறுதான் துன்றேன்."

"நடப்பீங்களா?"

"நடப்பேங்க."

"வாங்க."

மாமா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அறுத்த சாமைத் தாள் குத்துகிற கொல்லை வழியாக ஊர்க்கவுண்டர் முன்னால் போனார், மாமா வெறுங்காலோடு பின்னால் போனார், அப்பாவும் போனார். கொல்லைக்கு அப்பால், ஊரை விட்டுத் தள்ளி, ஒரே ஒரு குடிசை இருந்தது. அங்கே லேசாகப் புகை தெரிந்தது.

"மாமாவ இன்னாம்மா பண்ணப் போறாங்க?"

"வாய மூடு" என்றாள் அம்மா. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. ஊர்க்கவுண்டர் வந்ததும் தேன்காரரைப் பார்த்து, "இன்னாடா நிக்கற? வந்தவங்களுக்குச் சோறு போடு, போ" என்றார்.  தேன்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் சாமைச் சோறு சாப்பிட்டோம். அன்றைக்கு ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை, வேதத்தைத் திறக்கவும் இல்லை.

மாமாவின் காலில் ஷூ இல்லை. கையிலும் இல்லை. அப்பாவின் துண்டை இரண்டாகக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். ஜீப்புக்குக் காத்திருக்கும்போது அப்பா அதை அவிழ்த்து, மாமாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முள் பிடுங்கினார். தாள் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மாமா மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலியா மாமா?"

"வலிக்கலடா."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: மலைக்காரர்கள் அபராதமாக எங்கள் மாமாவின் ஷூவைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஆனால் முள் குத்தினாலும் எங்கள் மாமாவுக்கு வலிக்காது, ஏனென்றால் அவர் அவ்வளவு பக்தி உள்ளவர். பையன்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வெறுங்காலோடு சபைக்கு வந்தார். ஷூதான் இல்லையே. கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை, எங்களோடு முன்னால் வந்து உட்கார்ந்தார். எங்கள் பெஞ்சில் இருந்த ஒரு வீட்டார் எழுந்து பின்னால் போனார்கள். பின்னால் இருந்த பெஞ்சும் காலியாயிற்று. வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் புடவையுமாகச் சபை முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எங்களைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கோ சந்தோஷம். காலை நீட்டி ஏறக்குறைய படுத்தே விட்டேன்.

பாட்டு நடக்கும்போது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ஊர்க்கவுண்டர். பக்கத்தில் போர்வை போர்த்திய ஒரு பையன், அவருடைய முகச்சாயல். காலில் மாமாவின் ஷூ. ஊர்க்கவுண்டர் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்தப் பையனின் ஷூவையும் கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல இரண்டு பேரும் படியிலேயே நின்றார்கள். சபை திரும்பிப் பார்த்தது, பாட்டு தேய்ந்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மாமாவுக்கு விளங்கியது. எழுந்து, எல்லோர் கண்ணும் தன் காலில் இருக்க, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனார். வராந்தாப் பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவர்களிடம் நீட்டினார். அவர்கள் கால் கழுவிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள். இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அப்பா அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றப் போவதாக அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு இரண்டு கோபம். பிடுங்கின ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் கொடுக்காமல் வாசலிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, சபையில் அவ்வளவு பெஞ்ச் இருக்க, சரியாக நான் கால் நீட்டியிருந்த பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்களே என்பது.