துவக்கைக் கொளுவும் இடம்

ஒரு கையில் ஆறு கோட்டு, மறு கையில் நம்பர்த் தகடுகள். கோட்டறையில் நின்று சிவகலா கொளுவத் தொடங்கினால் சுவிற்சர்லாந்தின் அத்தனை சட்டமன்றங்களும் அவள் காலடியில் ஆயுதத்தை வைத்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். கூர் நகரத்துக்கு மேலே ஒரு சின்ன மலை மன்றம். வேட்டைத் துவக்கோடு வருகிறவர்கள் நாலைந்து பேர்.

கோட்டை முகர்ந்தே ஆளைச் சொல்வாள்: சுருட்டு, மாட்டுக் கொட்டில், ஈர நாய். அறுந்த பொத்தானைக் கேட்காமலே தைத்து வைப்பாள்.

எண்பத்தேழின் வசந்தத்தில் அந்த மன்றம் ஒரு விதி போட்டது. காவல் பொலிஸைத் தவிர, உறுப்பினரோ ஊழியரோ எவரும் துவக்கோடு மண்டபத்துக்குள் போகக் கூடாது. துவக்கிலிருந்து ரவையை எடுத்துவிட்டு, கோட்டறையில் கொளுவி, தகடு வாங்க வேண்டும். செப்டெம்பரில் வேட்டைக் காலம் வந்தது. விடியலில் மான் தேடிவிட்டு மலையிலிருந்து நேரே கூட்டத்துக்கு இறங்கியவர்களுக்கு விதி மறந்துபோயிற்று.

"யாழ்ப்பாணத்தில துவக்கு வந்தா நாங்கள் ஒதுங்கவேணும். இஞ்ச துவக்கு வந்து என்னட்ட நம்பருக்கு நிக்குது, ரீச்சர்" என்று பழைய ரீச்சரான என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு காலை, பெருத்த தாடிக்காரர் ஒருவர் தோளில் துவக்கோடு கோட்டறையைத் திரும்பியும் பாராமல் மண்டபக் கதவுக்கு நடந்தார். தற்காலிக வேலையில் இருந்த சிவகலாவை நிரந்தரமாக்கும் கையெழுத்து அவருடையது. விட்டால் விதியை மீறினாள் என்று வேலை போகும். மறித்தால் அவரே போக்கிவிடுவார்.

அவளுடைய டொச்சு மொழி கோட்டுக்கும் குடைக்கும் மட்டுமே போதும். ஓடிப்போய்க் கதவை மறித்தாள். வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். உயர்த்தியபடியே நின்றாள்.

பின்னால் வந்த உறுப்பினர் ஒருவருக்குத்தான் முதலில் விளங்கியது, வாய்விட்டுச் சிரித்தார். விதிக்கு வாக்கெடுத்த அன்று அவள் மேல்மாடம் துடைத்துக்கொண்டிருந்தாள். விதிக்கு ஆதரவாக முதல் ஆளாகக் கை உயர்த்தியவர் இந்தத் தாடிக்காரர்தான் என்று அங்கிருந்து கண்டவள்.

மனிதர் காது வரை சிவந்தார். துவக்கைத் திறந்து வெறுமையைக் காட்டினார். அவளைத் தொடவிடாமல் தானே கொளுவினார். அந்த மாதமே அவளுடைய வேலையும் உறுதியாயிற்று. ஆனால் அதற்கு முன், அங்கேயே, குதிகாலைச் சேர்த்து அவளுக்கு ஒரு பட்டாளத்துச் சலூட் அடித்தார் என்று எழுதினேன்.

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சிவகலா எட்டி வாசித்தாள்.

"சலூட்டோ? பொய் எழுதாதேங்கோ ரீச்சர். எல்லாரையும் போலத் தகட்டுக்குத்தான் கை நீட்டினவர்."

அவர் நீட்டிய விதமாகவே, உள்ளங்கையை விரித்து என் முன்னால் பிடித்தாள்.