இடது பக்கத் திரை

கதை விடுறேன்னு நினைக்கிறவங்க தாராளமா எழுந்து போகலாம். இது எங்க அண்ணிக்கு நடந்தது. ஹால் நிறைய ஜனம் இருக்கும்போது நடந்தது.

விடுமுறைக்கு எங்க குடியிருப்புச் சங்கத்தில் குழந்தைகள் நாடகம். அண்ணிதான் டைரக்டர். அத்தனை வாண்டுகளையும் கட்டி மேய்க்கிறது லேசுப்பட்ட வேலையா? ராணி வேஷம் அண்ணி மகளுக்கு. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றதால வீட்டில் அவளுக்குக் 'கிளி'ன்னு பேர். மேடை ஏறினா மட்டும் கிளிக்கு வாய் அடைச்சுப் போகும். அண்ணி வலது பக்கத் திரைக்குப் பின்னால் நின்னு வசனம் எடுத்துக் கொடுப்பாங்க.

ஒரு நாள் ஒத்திகை பார்க்கச் சங்கத் தலைவர் வந்தார். கிளி பாதியில் நின்னுட்டா.

"டிரெஸ் ரூமில் போட்டுப் பூட்டுங்கம்மா. வசனம் தானா வரும். நான் டைரக்டரா இருந்தப்போ அப்படித்தான்."

சொல்லிட்டு அவரே சிரிச்சார். "இன்னொரு தடவை மறந்தா வேற பிள்ளையைப் போடுங்க."

கிளி நடுங்கிப்போய் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா.

மறுநாளிலிருந்து கிளி ஒரு வார்த்தை மறக்கலை. ஆனா அம்மா பக்கம் திரும்பவே இல்லை. இடது பக்கமே பார்த்தா.

"அங்க யாருடி?"

"ஒரு அக்கா எடுத்துக் கொடுக்கிறாங்கம்மா."

பெரிய பிள்ளை யாரோன்னு அண்ணி விட்டுட்டாங்க. மகராசி, யாரா இருந்தா என்ன? ஆனா... இடது திரை லேசா உப்பி உப்பி அடங்கும். ஒரு சின்னப் பிள்ளையோட வாய் உயரத்தில்.

நாடக நாள். சாயங்காலம் நாலு மணி. முன் வரிசையில் தலைவர்.

ராணி தீர்ப்புச் சொல்ற காட்சி. கிளி இடது பக்கம் பார்த்தா. சரின்னு தலையாட்டினா. அப்புறம் நேரா தலைவரைப் பார்த்தா.

"மாமா... தாழ்ப்பாளைத் திறங்க. இனிமே மறக்க மாட்டேன்."

அப்படியொரு வசனமே நாடகத்தில் இல்லை.

மத்த பிள்ளைங்களும் திரும்பினாங்க. எல்லாரும் சேர்ந்து... மெதுவா...

"திறங்க மாமா."

தலைவர் முகத்தில் ஈயாடலை. எழுந்தார். வாசலுக்குப் போகலை. யாரோ கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி... மேடைக்குப் பின்னால்... டிரெஸ் ரூமுக்கு...

டக்.

தாழ்ப்பாள்.

வெளிப்பக்கம்.

எத்தனை பேர் இழுத்தும் அது அசையலை. உள்ளே தடதடன்னு தட்டுற சத்தம். அப்புறம் பிறாண்டுற சத்தம். கதவை உடைச்சப்போ அவருக்கு உயிர் இருந்தது. நகம்தான் இல்லை.

அண்ணி ஓடிப்போய் இடது திரையை விலக்கினாங்க. பின்னால் வெறும் சுவர். ஒரு கை நுழைய இடமில்லை.

ஹாலில் பல வருஷமா வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் அன்னிக்குத்தான் வாயைத் திறந்தார். முன்னே ஒரு விடுமுறை நாடகம். வசனம் மறந்த ஒரு பிள்ளையைத் தலைவர் அந்த ரூமில் பூட்டினாராம். பூட்டினதையே மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாராம். பெத்தவங்க ராத்திரி பூரா வெளியில் தேடியிருக்காங்க. காத்து வராத அந்த ரூமைக் காலையில் திறந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. கதவு தானா மாட்டிக்கிச்சுன்னு சொல்லி மூடி மறைச்சுட்டாங்க. அந்தப் பிள்ளை கிளியை விட ரெண்டு வயசுதான் பெரியவ.

தலைவர் இப்ப ஆஸ்பத்திரியில். பாவம்னு சொல்ல அண்ணிக்கு மனசு வரலை. எனக்கும்தான். ராத்திரி பகலா அவர் வாயில் ஒரே வசனம்.

"திறங்க... இனிமே மறக்க மாட்டேன்..."

அவர் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு.