பன்னிரண்டாவது பெயர்

டாக்டர் அமலநாதன் கண்கலங்கிப் பார்த்தவர் அந்தக் குழந்தைகள் வார்டில் எவரும் இல்லை. பஞ்சாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, உதவித்தொகையில் மருத்துவம் பயின்று, புதுச்சேரி நகரத்து மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தவர் அவர். ஒரு குழந்தை இறந்தால் சான்றிதழில் கையெழுத்திடுவார். தாயின் எதிரே இரண்டு நிமிடம் தலைகுனிந்து நிற்பார். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கருவடிக்குப்பத்து வீட்டில் சாப்பிடும்போது மனைவி ஜூலி, "இன்னிக்கி எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "போச்சு" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது.

ஆண்டுக்கொருமுறை மட்டும் அவர் தமக்கென்று ஒரு காரியம் செய்துகொள்வார். கல்லறைத் திருநாள் பூசைக்குக் கிறித்தவக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும், சாமியார் அவற்றை வாசித்து அந்த ஆன்மாக்களுக்காக மன்றாடுவதும் வழக்கம். அமலநாதனின் சீட்டில் பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே, அவ்வாண்டில் வார்டில் இறந்த குழந்தைகளின் பெயர்கள் இருக்கும். அவர்கள் எந்த மதம் என்று அவர் பார்ப்பதில்லை. பதிவேட்டைப் புரட்டுவதும் இல்லை, நினைவிலிருந்தே எழுதுவார். ஒரு பெயரும் விட்டுப்போனதில்லை.

2005ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று விடியற்காலையில் நல்ல மழை. கோயிலில் ஆண்கள் பக்கத்தில் அமலநாதன் முழந்தாளிட்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் வார்டின் மூத்த செவிலியர் ஸ்டெல்லாமேரி இருந்தார். சாமியார் அமலநாதனின் சீட்டை எடுத்தார். விஜய், டோனி, ஜெயம் என்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனார். அவ்வாண்டு இறந்த குழந்தைகள் பதினொருவர். பதினோராவது பெயரோடு அவர் நிறுத்துவார் என்று அமலநாதன் காத்திருந்தார். அவர் நிறுத்தவில்லை.

"கலைவாணி" என்றார் சாமியார்.

கலைவாணி இறக்கவில்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அமுதவல்லியின் ஆறு வயது மகள் அவள். ஒருமுறை குணமாகிப் போன நோய் மறுபடியும் திரும்பிவிட்டதால், இரண்டாம் சிகிச்சைக்காக வார்டின் நான்காம் கட்டிலில் படுத்திருந்தாள். பன்னிரண்டு நாளாக விடாத காய்ச்சல். சிகிச்சை மருந்தால் அற்றுப்போன வெள்ளணுக்கள் இரத்தத்தில் மறுபடி ஏறவே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாமேரி திரும்பிப் பார்த்தார். அமலநாதனால் அந்தப் பார்வைக்குத் தலைநிமிர முடியவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் குடையை விரித்தபடியே ஸ்டெல்லாமேரி கேட்டார்: "யாரு டாக்டர் எழுதுனது?"

"நான்தான் சிஸ்டர்."

"கை தவறிப்போச்சா?"

ஆம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவருக்கு வாய் வரவில்லை. "போன வியாழக்கெழம எழுதுனேன். எழுதும்போது அது தப்புன்னே தோணல."

"எனக்கு ஆச்சரியமா இல்ல டாக்டர். ஒரு புள்ள பொழைக்காதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, கட்டில் கால்மாட்டுல நின்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடுவீங்க. பக்கத்துல போக மாட்டீங்க. எங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளகிட்ட பத்து நாளா கால்மாட்டுலதான் நிக்கறீங்க."

"அப்படியா நிக்கறேன்?"

"அப்படித்தான் நிக்கறீங்க."

இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லும்படியாக அவரும் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை.

"வார்டு பெருக்கற அம்மாவும் உள்ளதான் இருந்தாங்க" என்றார் ஸ்டெல்லாமேரி. "எட்டு மணிக்கு டூட்டிக்கு வருவாங்க. அவங்க வாயில ஒன்னும் நிக்காது."

"அதுக்குள்ள நானே சொல்லிடறேன்."

அன்று காலை அமுதவல்லியை அழைத்து அவர் சொல்ல நினைத்திருந்த செய்தியே வேறு. இனி மருந்தால் பயனில்லை, குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசைப்பட்டதைக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாக இருந்தார். அந்த வாக்கியத்தை இரண்டு நாளாக மனத்துக்குள் சரிபார்த்தும் வைத்திருந்தார்.

வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்துக் குழாயடியில் அமுதவல்லி சம்படம் கழுவிக்கொண்டிருந்தாள். அமலநாதன் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார்.

அவள் குழாயை மூடினாள். "செத்தவங்க லிஸ்ட்டா?"

"ஆமாம்மா."

"எம் பொண்ணு பேரையா?"

"ஆமா."

"இன்னா நெனச்சி எழுதுனீங்க?"

"நெனச்சி எழுதலம்மா. மனசுக்குள்ள அவ்ளோதான்னு முடிவு பண்ணிட்டேன் போல. அதத்தான் கை எழுதியிருக்கு. இன்னிக்கி உங்களக் கூப்புட்டு, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுகூடச் சொல்ல இருந்தேன். எம்மேல நம்பிக்க இல்லன்னா வேற டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன்."

அவள் சம்படத்து நீரை உதறிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் கோபமா, அழுகையா என்று அவரால் கண்டறிய இயலவில்லை.

"உசுரோட கீறவங்கள செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு எங்க குப்பத்துல சொல்லுவாங்க. நாலு வருசம் முன்ன எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போன போட்டு திரும்பலன்னு ஊரே கூடி அழுதிச்சி. அந்தாளு காரைக்கால்ல கரையேறி, பரோட்டா துன்னுட்டு மூணா நாளு பஸ்ல வந்து எறங்கறாரு. அதனால எழுதுனத வுடுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா டாக்டரே, நான் மீனு எடுத்தாக்கூட செவுளத் தூக்கிப் பாத்துதான் எடுப்பேன். நீங்க பத்து நாளா எட்ட நின்னே பாத்துட்டு முடிவு பண்ணிட்டீங்க. இன்னிக்கி அவகிட்ட ஒக்காந்து பாருங்க. பாத்துட்டு அப்பறமா சொல்லுங்க, வூட்டுக்குப் போறதா வேணாமான்னு."

அமலநாதன் நான்காம் கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தார். அமுதவல்லி மகளுக்கு இட்லி ஊட்டத் தொடங்கினாள்.

"ஏன் ஒக்காந்துட்டீங்க, கால் வலிக்குதா?" என்று கேட்டாள் கலைவாணி.

"ஆமாம், வலிக்குது."

"மாத்தர போடுங்க. கசக்கும்."

அவர் அவளுடைய நாடியைப் பார்த்தார்; நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துக் கேட்டார்; வயிற்றை அழுத்திப் பார்த்தார். எல்லாம் உதவி மருத்துவர்கள் ஏற்கெனவே பார்த்து எழுதியவைதாம். எழுந்து போயிருக்கலாம். போகாமல் அவள் உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் சென்றிருக்கும். மெல்லவே தேவையில்லாத இட்லியைக்கூட ஒவ்வொரு வாயும் அவள் நாக்கால் இடப்பக்கம் தள்ளிக்கொள்வது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"அந்தப் பக்கம் ஏன் மெல்ல மாட்டேங்கற?"

"அங்க வலிக்கும்."

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. சொன்னா ஊசி போடுவீங்க."

வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் அடியில் அவர் விரலை வைத்ததும் குழந்தை வீரிட்டாள். வெள்ளணுக்கள் இல்லாத உடம்பில் சீழும் கட்டாது, வீக்கமும் தெரியாது. விளக்கடித்து வாயைப் பார்த்த எவர் கண்ணிலும் படாமல், பல்லின் வேரில் பதுங்கியிருந்த புண்ணே பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலை ஊட்டிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் வந்து பார்த்து அதனை உறுதிசெய்தார். அன்று மாலையே மருந்து மாற்றப்பட்டது.

வீட்டுக்குப் போவதா என்று அமுதவல்லி திரும்பக் கேட்கவில்லை. அவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒன்பதாம் நாள் ஆய்வகத்துச் சீட்டில் வெள்ளணுக்கள் தலைகாட்டின. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் அறையில் அமலநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். இறந்த குழந்தைகளுக்காக அழாத மனிதர், பிழைத்தவளுக்காக அழுகிறாரே என்று ஸ்டெல்லாமேரி வியக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, இரண்டு டம்ளர் தேநீரோடு எதிரில் உட்கார்ந்தார். அமலநாதன் பேசத் தொடங்கினார். விஜய் கிரிக்கெட் மட்டையோடுதான் உறங்குவான் என்றார். டோனி தன் வயதை ஒவ்வொரு நாளும் கூட்டிச் சொல்வான் என்றார். இப்படி ஒவ்வொருவராகப் பேசி முடிப்பதற்குள் தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. அன்று வீட்டில் ஜூலி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் சொல்லிய விடை நீண்டுபோனதில் குழம்பை இரண்டு முறை சுடவைக்க நேர்ந்தது.

கார்த்திகை முடிவில், அடுத்த கட்ட மருந்துக்கு முன் கலைவாணியைப் பன்னிரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பல்லையும் அதற்குள் பிடுங்கியாயிற்று. அமுதவல்லி துணிமூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "பொழச்சிடுவாளா டாக்டரே? உள்ளத சொல்லுங்க."

அமலநாதன் கட்டிலில் கலைவாணியின் அருகே உட்கார்ந்தார். "பாதிக்குப் பாதிம்மா. போன மாசம் நான் அதுகூட இல்லன்னு நெனச்சேன்."

"பாதி போதும்" என்றாள் அமுதவல்லி. "மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"திங்கக்கெழம காலையில வந்துடணும்" என்று அவர் கலைவாணியைப் பார்த்துச் சொன்னார்.

"ஊசி யாரு போடுவாங்க?"

"நான்தான்."

அவள் யோசித்தாள். "அப்படின்னா செவ்வாக்கெழம வரேன்."

"திங்கக்கெழம."

"செவ்வாக்கெழம. எங்கப்பா அன்னிக்கிதான் கடலுக்குப் போக மாட்டாரு."

"உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். திங்கக்கெழம."

அடுத்த கட்டில்களில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கியும் இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெளியே ஆட்டோக்காரர் இரண்டு முறை ஒலியெழுப்பினார். கடைசியில், திங்கட்கிழமைதான், ஆனால் காலையில் அல்ல, மதியம் சாப்பிட்ட பிறகு என்று முடிவாயிற்று.