காலுக்குச் சிக்கிய கிழங்கான்

கையால் மீன் பிடிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. காலால் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போன புதிதில் புதுச்சேரிக் கரையில் எனக்கு அதுதான் வேலை.

வலைக்குப் பின்னால்

கிழங்கான் கரையோரத்து மீன். இடுப்பளவு ஆழத்தில், தெளிந்த தண்ணீரில், சுத்தமான மணல் தரையில் மேயும். கரைவலை நெருங்கினால் மணலுக்குள் புகுந்துகொள்ளும்; வலை அதற்கு மேலாக வழித்துக்கொண்டு போய்விடும். பின்னாலேயே வெறுங்காலோடு நடந்து, உள்ளங்காலில் குறுகுறுத்ததும் அழுத்தி மிதித்துக்கொண்டு, குனிந்து எடுக்கவேண்டும். முதல் நாள் நான் மிதித்ததெல்லாம் சிப்பி. வலைக்காரர் மாரி கயிற்றை விடாமலே கேட்டார்: "கோவிந்து, நீ மீனத் தேடுறியா, மணலுக்குக் கால் புடிச்சி வுடுறியா?"

பட்டாளத்து பூட்ஸ்

ஒருநாள் மிதித்தது திருக்கையை. வால் முள் குத்தி வாரக்கணக்கில் நொண்டினேன். என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் மாசிலாமணி ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பியவர். மனசு கேட்காமல் தன் பழைய பூட்ஸைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் மனைவியைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். அன்று வாசலுக்கு வந்த என் காலிக் கூடையை மதாம் எட்டிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னார்: "பூட்ஸத் திருப்பி வாங்கிக்குங்க. நீங்க மீனுக்குல்ல காவல் போட்டுட்டீங்க."

கலங்கல்

ஐப்பசியில் மதாம் படுத்துவிட்டார். எதைக் கொடுத்தாலும் ஓங்கரிப்பு. கிழங்கான் குழம்பு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்றாராம். ஆனால் மழைவெள்ளம் தேங்காய்த்திட்டு முகத்துவாரம் வழியே இறங்கி, கரையெல்லாம் செங்காவியாகக் கிடந்தது. மணலில் சேறு படிந்தால் கிழங்கான் தெளிந்த தண்ணீரைத் தேடி விலகிவிடும். தெரிந்தும் தினமும் இறங்கித் துழாவினேன். விரல் இடுக்கில் சேறுதான் ஏறியது. "நாளைக்கிக் கொண்டாரேன் ஐயா" என்று வெறுங்கையோடு அந்த வாசலில் நிற்பது வேதனையாக இருந்தது.

தண்ணீர் தெளிந்த அன்று கால் வைத்த இடமெல்லாம் கிழங்கான். கூடையோடு ஓடினேன். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மதாமை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். ஐயா கூடைக்குள் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "தண்ணி தெளிஞ்சிடுச்சா, கோவிந்து?"

அதன்பிறகு அந்த வருஷம் முழுக்கக் கிழங்கான் என் காலுக்குத் தப்பவே இல்லை. அதைத் தெருவில் கூவி விற்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.