மேல்வீட்டக்காவின் வயிறு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் அவளை மேல்வீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணி பிடித்து உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தரையில் கால் வைப்பாள். கூண்டுக்குள் ஒரு நாற்காலி, இரண்டு லீவர், ஒரு வாக்கி டாக்கி, தலையாட்டும் குட்டி மின்விசிறி. அவ்வளவுதான். கீழே இருந்த ஒரே கழிப்பறைக்குத் தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது, வாசலில் எப்போதும் ஆண்கள் வரிசை.

அதனால் அவள் தண்ணீரைக் குறைத்தாள். வயிறு கூப்பிட்டால் அடக்கினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். வீட்டுக்குப் போனால் வயிறு கூப்பிடாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளைப் படிக்க வைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அது எவ்வளவு நிஜம் என்று அவர்களுக்குத் தெரியாது.

சில மாதங்களாக வயிறு உப்ப ஆரம்பித்தது. பேன்ட் பொத்தான் பூட்ட வரவில்லை, ஊக்குக் குத்திக்கொண்டாள். கீழே நின்று அவளுக்குச் சைகை சொல்லும் சிக்னல்காரன் ஒருநாள் வாய் தவறிக் கேட்டேவிட்டான்.

“என்னக்கா, ஏதாவது விசேஷமா?”

“ஆமாடா, மக கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு தம்பி வேணுமாம்” என்று சிரித்துச் சமாளித்தாள்.

சிரிப்பு உதட்டோடு சரி. அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் உப்புசம், பிறகு குடலில் கட்டி, பிறகு அக்கா இல்லை. கணவனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

பிறகு திடீரென்று தண்ணீராகப் போக ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அவளைக் கேட்காமலே. மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். நின்றது. ஆனால் வயிறு பறை மாதிரி இறுகியது.

அன்று கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் தலைக்கு மேல் அதைத் திருப்பும்போது, இடுப்புக்குள் யாரோ கயிறு போட்டு முறுக்கிய மாதிரி வலி பிடித்தது. கண் இருட்டியது. கீழே கம்பி கட்டுகிறவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். லீவரில் கை ஒரு இம்மி நடுங்கினாலும் கம்பிக்கட்டு ஊஞ்சலாடும்.

“அக்கா, லோடு ஏன் நிக்குது?” என்றது வாக்கி டாக்கி.

“எல்லாரையும் விலகச் சொல்லு.”

“என்னாச்சுக்கா?”

“கேள்வி கேக்காத. விலகச் சொல்லுடா!”

உதட்டைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். வலி அலையாக வந்தபோது நிறுத்தினாள். அடங்கியபோது மறுபடி இறக்கினாள். கம்பிக்கட்டு தரையைத் தொட்டு, கொக்கி தளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வாந்தி எடுத்தாள். இரண்டு பேர் ஏறிவந்து இடுப்பில் பட்டை மாட்டி அவளைப் படிப்படியாக இறக்கினார்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். அதற்குள் அவளை ஸ்கேன் மெஷினின் வளையத்துக்குள் தள்ளியிருந்தார்கள். “மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க” என்றது ஒரு குரல். வெளியே வந்ததும் ஸ்கேன் எடுத்தவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

காத்திருக்கும் இடத்தில் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தா, பாப்பாகிட்ட பரீட்சை முடியறவரைக்கும் சொல்லாதீங்க.”

“வாயை மூடு” என்றான் அவன். பிடித்த கையை விடவில்லை.

“கூட வந்தவரையும் உள்ள வரச் சொல்லுங்க” என்று டாக்டரம்மா சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரையில் கறுப்பும் சாம்பலுமாக அவளுடைய வயிறு. வலப்பக்கம் கீழிருந்து ஏறி, குறுக்கே ஓடி, இடப்பக்கம் இறங்கி, அகலமான குழாய் ஒன்று. அதற்குள் நெடுகப் புள்ளி புள்ளியாக ஏதோ அடைத்துக் கிடந்தது.

“இது பெருங்குடல். இந்தப் புள்ளியெல்லாம் தெரியுதா?”

“கட்டிங்களா டாக்டர்?”

“மலம்மா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மலம்தான். கீழ பாருங்க, கல்லு மாதிரி இறுகிப் போச்சு.”

“ஆனா எனக்குத் தண்ணியாத்தானே போச்சு?”

“அடைச்ச சாக்கடையில ஓரமா தண்ணி கசியுமே, அந்த மாதிரி. அதைப் பேதின்னு நினைச்சு மாத்திரை போட்டீங்க. இன்னும் இறுகிடுச்சு.”

கணவனுக்கு உயிர் திரும்பி வந்தது. “அப்ப பயமில்லையே?”

டாக்டரம்மா உடனே தலையாட்டவில்லை. “குடல் கிழியாம தப்பிச்சாங்க. ஆனா இவ்வளவு அடைச்சிருக்கும்போது பின்னால சின்னதா ஏதாவது இருந்தா ஸ்கேன்ல தெரியாது. இவங்க அக்காவுக்கு வேற அந்த வியாதி இருந்திருக்கு. முதல்ல காலி பண்ணுவோம். அப்புறம் கேமரா வெச்ச குழாய் விட்டுப் பாத்துத்தான் சொல்லுவேன்.”

காலி பண்ணிய கதையை அவள் பிறகு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எனிமா, குடம் குடமாக மருந்துத் தண்ணீர், மானம் மரியாதை எதையும் பார்க்க முடியாத நாட்கள். நர்ஸ் முன்னால் ஒருமுறை அழுதேவிட்டாள். “அழாதீங்கம்மா, இது வெளிய வந்தாத்தான் எங்களுக்குச் சந்தோஷம்” என்றாள் நர்ஸ். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

குழாய் விட்டுப் பார்த்ததில் பட்டாணி அளவில் ஒரு சதை வளர்ச்சி இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தால் கணவன் எடுக்க மாட்டான். அவளும் எடுக்க மாட்டாள். கடைசியில் எடுத்தது மகள்தான். தன்னிடம் மறைத்ததற்காக அம்மாவை முறைத்தபடியே காதில் வைத்தாள், கேட்டாள், பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணுமில்லையாம்மா. சாதாரண சதையாம். ஆனா மறுபடி செக்கப்புக்கு வரணுமாம்.”

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கிரேன் பக்கம் போகவில்லை. நேராக இன்ஜினியரின் தகரக் கொட்டகைக்குப் போனாள்.

“சார், இனி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை இறங்குவேன். பின்னாடி ஒரு தடவை இறங்குவேன். பொம்பளைங்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை ஒண்ணு வேணும். தண்ணியோட.”

“கான்கிரீட் போடற நேரத்துல கிரேனை நிறுத்தினா எப்படிக்கா? கான்கிரீட் காத்திருக்காதே.”

“என் குடலும் காத்திருக்காது சார். அன்னைக்கு அந்தக் கம்பிக்கட்டு யார் தலையில விழுந்திருக்கும்னு யோசிச்சீங்களா?”

இன்ஜினியர் பேனாவை மேஜையில் உருட்டினார். அன்று அந்தக் கொக்கிக்கு நேர் கீழே நின்றவர்களில் அவரும் ஒருவர்.

“ரெண்டு நாள் டைம் கொடுங்க” என்றார்.

கழிப்பறை வர நான்கு நாள் ஆனது. அதுவரை அவள் மேலே ஏறவில்லை.